பொய் நடை

இனிமேல் போடிக்குள் ஒரு பொய் மிருகத்தையும் நடமாட விடுவதில்லை என்று மொக்கையன் முடிவெடுத்தார். செல்போனில்தான்.

டீக்கடைப் பெஞ்சில் யார் வீடியோ காட்டினாலும், "மொகத்தைப் பாக்காதே, நடையைப் பாரு" என்பார். பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டிய யானையை மூன்று விநாடியில் கம்ப்யூட்டர் பொம்மை என்று சாய்த்தார். ஆட்டோடு கும்மியடித்த புலியை இரண்டில். கடையே அசந்துபோனது.

மனைவி சந்திரவல்லி அசரவில்லை. போடிமெட்டுக்கு மேலே அவர்களுக்கு ரெண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். காய் எடுப்புக்கு ரெண்டு வருசமாக அவள்தான் காலையில் ஜீப்பு ஏறுகிறாள். மொக்கையனுக்கு முழங்கால் வலி. எந்தக் கால் என்பது சில நாள் அவருக்கே மறந்துபோகும்.

அன்று காலை வேலைக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு கன்னையனின் ஜீப்பு வாசலில் வந்து நின்றது. சந்திரவல்லி செல்போனோடு உள்ளே ஓடி வந்தாள்.

"ஏங்க, போச்சு! நம்ம தோட்டத்துல காட்டு மாடு! வீடியோ வந்திருக்கு. நான் போகமாட்டேன் சாமி."

"கொண்டா இங்க."

பார்த்தார். கட்டிலை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"நிறுத்து! திருப்பிப் போடு. முன்னங்கால் ரெண்டும் ஒண்ணாப் போகுது. இது மாடா, தவளையா?"

"பயத்துல தாவுதோ என்னமோ."

"காட்டு மாட்டுக்கு யாரைப் பாத்துப் பயம்? உன்னையா?"

"இருக்கும்."

"அடியே, செடியைப் பாரு! ஆயிரம் கிலோ மாடு உள்ள புகுந்து வருது, ஒரு எலை அசையல! வாலு ஆணியடிச்ச மாதிரி நிக்குது. பொய்! பச்சைப் பொய்!"

"பெஞ்சில ஒக்காந்து யாரும் சொல்லலாம். தோட்டத்துல போய் நின்னு சொன்னா நம்புறேன்."

"நிக்கிறேன்டி!"

"நீங்களா? விடுங்க. ஜீப்பும் கெளம்பிருச்சு."

கிளம்பித்தான் விட்டது. மொக்கையன் வேட்டியை மடித்துக் கட்டினார். வாசல்படி மூன்றையும் ஒரே தாவில் தாண்டினார். "ஏ கன்னையா! வண்டியை நிறுத்துடா!" தெருமுனை வரை ஓட்டம். ஒரு செருப்பு சாக்கடையில் விழுந்தது. போகட்டும். ஓடுகிற ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்து ஒரே எம்பு. உள்ளே.

மலை ஏறும் வழியெல்லாம் வாய் ஓயவில்லை. கால், வால், இலை, எல்லாம் விளக்கினார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். பயம் என்று எடுத்துக்கொண்டார்.

ரெண்டாவது கொண்டை ஊசி வளைவில், பக்கத்தில் இருந்த வேலைக்காரி மருதாயியின் செல்போன் கூவியது.

"அண்ணே, வீட்டுல இருந்து அக்கா இன்னொரு வீடியோ அனுப்பியிருக்கு. ரெண்டு வருசமா நொண்டுன ஆளாம். நெசமா பொய்யான்னு நீங்கதான் நடையைப் பாத்துச் சொல்லணுமாம்."

வெடுக்கென்று வாங்கினார். படி. ஓட்டம். செருப்பு. எம்பு.

எங்காவது ஒரு பிசகு இருக்காதா என்று தேடினார். முழங்கால் ரெண்டும் ஒழுங்காக மடங்கின. வேட்டி காற்றுக்குத் தக்கபடி பறந்தது. நிழல்கூட விட்டுப் பிரியாமல் ஓடி வந்தது. திருப்பிப் போட்டார். ம்ஹூம்.

"என்னண்ணே, பொய்யா?"

"நெசந்தான்."

"அப்ப இந்த எடுப்புப் பூராம் நீங்கதானாம்" என்று மருதாயி காய்க்கூடையை அவர் மடியில் வைத்தாள்.