பதியுதீன் ஹாஜியாரின் ஹஜ்ஜைத் தின்ற கணினி

கல்முனை,
22.04.1999

பேரன்புக்குரிய மச்சான் அப்துல் கபூர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் உடன்பிறந்த ராத்தா சுஹறாவும் உடம்பளவில் சுகம். நீங்களும் கட்டாரில் வெயில் படாமல், கம்பனிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொண்டு, நல்லபடியாக இருக்க துஆச் செய்கிறேன். அச்சகம் வைத்திருக்கிற மனுசன் ஏன் மச்சானுக்குக் கையால் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். நீங்கள் திருத்திக் கொடுத்துவிட்டுப் போன கணினியில் மேலே உள்ள ஸலாத்தை அடித்துப் பார்த்தேன். தாளில் 'அலாமு அலைக்கும்' என்று விழுந்தது. அப்படி ஒரு ஸலாத்தை அனுப்பி நீங்கள் பதில் ஸலாம் சொல்வதா வேண்டாமா என்று குழம்பக் கூடாது என்பதற்காகத்தான் பேனையை எடுத்தேன்.

மச்சான், நீங்கள் ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் வந்து என் அச்சகத்துக்குள் கால் வைக்கும்வரை நான் நிம்மதியான ஒரு பாவியாக இருந்தேன். என்னிடம் இருக்கிற தமிழ் அச்சுக்கோர்ப்பு மென்பொருள் கொழும்பில் முறைப்படி வாங்கியது. நிந்தவூரில் சுஹறாவுக்குச் சீதனமாக வந்த வயலின் ஒரு போக நெல் அதற்குத்தான் போனது. அனுமதிப்பத்திரத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன், வருகிறவர்கள் அதை என் கலியாணப் பதிவு என்று நினைத்து வாசிக்கிறார்கள். ஆனால் அது ஓடுகிற விண்டோஸ், இந்த ஊரில் எல்லாருடையதையும் போல, யாரோ யாரிடமோ பிரதி எடுத்தது. நீங்கள் அதைக் கண்டுபிடித்தீர்கள். "மச்சான், தொழுற பாய் உங்கட பாய்தான். ஆனா விரிச்சிரிக்கிறது களவெடுத்த நிலம். அதுல தொழுதாக் கூடுமா?" என்று கேட்டீர்கள். நான் பயந்துபோனேன். விண்டோஸை முறைப்படி வாங்க இன்னொரு போகம் விளைய வேண்டுமே என்றேன். தேவையில்லை, லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, உலகத்தில் நல்ல மனிதர்கள் சேர்ந்து அதைச் சும்மா கொடுக்கிறார்கள் என்றீர்கள். என் மென்பொருள் விண்டோஸில் மட்டுந்தானே ஓடும் என்றேன். அதற்கும் ஒரு வழி கொண்டு வந்திருந்தீர்கள். லினக்ஸுக்குள் வைன் என்ற இன்னொன்றை இறக்கினீர்கள். அது என் மென்பொருளிடம் போய், நீ விண்டோஸில்தான் இருக்கிறாய், பயப்படாமல் ஓடு என்று சொல்லுமாம். அப்போதே எனக்கு ஓர் உறுத்தல். களவை விட்டுவிட்டுப் பொய்க்குப் போகிறோமே என்று கேட்டேன். "மிசினுக்குச் சொல்ற பொய் கணக்கில வராது மச்சான்," என்றீர்கள். ஆதம்பாவா என்று என் பெயரை அடித்துப் பார்த்தோம், அழகாக வந்தது. அப்துல் கபூர் என்று உங்கள் பெயரும் வந்தது. கல்முனை வந்தது, நிந்தவூர் வந்தது. நீங்கள் சந்தோசமாக விமானம் ஏறிவிட்டீர்கள். நம் இரண்டு பேரின் பெயரிலும் ஒரு ஹவோ ஸவோ ஜவோ இல்லை என்பதை நீங்களும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

பதியுதீன் முதலாளி இம்முறை ஹஜ்ஜுக்குப் போய்வந்தது உங்களுக்குத் தெரியும். வந்த கையோடு மகள் ஹாஜறாவின் கலியாணம், மாப்பிள்ளை மருதமுனை. கலியாணக் கார்டு அடிக்கிற வேலையை எனக்குத் தந்தார். நான் திரையில் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், ஒரு பிழை இல்லை. ஆனால் திரையில் நிற்கிற வடவெழுத்துகள் தாளுக்கு வருகிற வழியில் தொலைந்துபோகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அடித்து, வெட்டி, பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தேன். அவரும் பிரிக்காமல் மருதமுனைக்கு அனுப்பிவிட்டார். அடுத்த நாள் காலை பள்ளிவாசல் செயலாளரையும் கூட்டிக்கொண்டு என் கடைக்குள் வந்து, ஒரு கார்டை மேசையில் வைத்தார்.

"ஆதம்பாவா, இதை வாசி."

வாசித்தேன்.

"நான் எங்க போய்வந்தன்?"

"மக்காவுக்கு, ஹாஜியார்."

"இதுல அப்பிடி இரிக்கா?"

இல்லை மச்சான். 'இம்முறை ஹஜ் கடமையை நிறைவேற்றித் திரும்பிய' என்று நான் அடித்தது, 'இம்முறை கடமையை நிறைவேற்றித் திரும்பிய' என்று இருந்தது.

"கடமையை முடிச்சிட்டு வந்தானாம். நான் என்ன அக்கரைப்பற்று பஸ் கொண்டக்டரா?" என்றார். 'அல்ஹாஜ்' என்ற பட்டத்தில் 'அல்'லும் ஒரு துணைக்காலும் மட்டும் மிச்சம். மணமகளின் பெயரில் முன்னால் அதே துணைக்கால், ஓர் அநாதை அரவாக, பின்னால் ஒரு றா. "மருதமுனைக்காரங்க ஆள் விட்டுக் கேக்காங்க, பொண்ணுட பேர் றாவா எண்டு. நான் என்னத்தச் சொல்ற?"

நான் அவசரமாகக் கணினியைத் திறந்து காட்டினேன். திரையில் ஹாஜியாரும் ஹாஜறாவும் முழுசாக இருந்தார்கள். அவர் திரையைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். "இஞ்ச இரிக்கி, அங்க இல்ல. நடுவுல யார் திண்டது?"

அந்த நேரம் பார்த்துப் பாண்டிருப்பு முருகேசு, தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக் கார்டை எடுத்துப்போக வந்து நின்றார். ஹாஜியார் அந்தக் கட்டிலிருந்து ஒரு கார்டை இழுத்தார். 'முருகேசு, பாண்டிருப்பு' என்று தெளிவாக விழுந்திருந்தது. ஹாஜியாரின் குரல் இறங்கிவிட்டது. அவர் கத்தினாலும் எனக்குப் பயமில்லை, இறங்கினால்தான் பயம்.

"முருகேசு முழுசா இரிக்கான். பதியுதீன்ட ஹஜ்ஜைக் காணல்ல. உன்ட மிசின் யார்ட பக்கம்?"

தமிழரும் முஸ்லிமும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கிற இந்த ஊரில் இது எப்பேர்ப்பட்ட கேள்வி என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. அதே கார்டில் மகள் துஷாந்தினியின் பெயரை விரலால் தொட்டுக் காட்டினேன். "ஹாஜியார், இஞ்ச பாருங்க, ஷவையும் திண்டிரிக்கி. இதுக்குப் பக்கமெல்லாம் தெரியா. கிடைச்சதத் திங்கிது." ஹாஜியாரைச் சமாதானப்படுத்தப் போய், தன் மகளின் பெயரில் ஓட்டை இருப்பதை அறியாமல் நின்ற மனுசனுக்கு நானே அதைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். முருகேசு கார்டை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு கடுதாசிக் கட்டின் மேல் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"பேனை ஒண்டு தாங்க காக்கா. ஓரெழுத்துத்தானே, நான் போடுறன்."

கடைசிக் கார்டு வரைக்கும் கையாலேயே ஷ போட்டார். அதைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்து, ஹாஜியாருடைய கார்டுகளுக்கும் நான் அப்படியே எழுதித் தரட்டுமா என்று கேட்டுவிட்டேன். "எனக்குக் கையால எழுதின ஹஜ் வேணாம்," என்று சொன்னார்.

அத்தோடு போயிருந்தாலும் தாங்கியிருப்பேன். இந்த அமளியில் கணினி இறுகிப்போய், கறுப்புத் திரையில் வரிசையாக இங்கிலீசில் எழுதத் தொடங்கியது. செயலாளர் பென்சன் எடுத்த தபாலதிபர், இங்கிலீஸ் தெரிந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "வைன் எண்டு இரிக்கி. கீழயும் வைன். மறுகாவும் வைன்." ஹாஜியார் என்னைப் பார்த்த பார்வையை நான் மையித்தாகிக் குழிக்குள் போகும்வரை மறக்கமாட்டேன். நான் நீங்கள் சொல்லித் தந்தபடியே விளக்கினேன். அது குடிக்கிற வைன் இல்லை, ஒரு சுருக்கப் பெயர், விரித்தால் 'வைன் என்பது போலி அல்ல' என்று பொருள் என்றேன். செயலாளர் கேட்டார்: "அப்ப அசல் வைன் எண்டு சொல்றீங்க?" மச்சான், இந்தப் பெயரை வைத்த மனிதர்கள் உங்களுக்குக் கடிதம் எழுதுவார்களா? எழுதினால், கல்முனையில் ஆதம்பாவா என்று ஒருவன் இருந்தான் என்று எழுதிவிடுங்கள்.

பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஆதம்பாவாட அச்சகம் வைனிலதான் ஓடுதாம். பக்கத்து வளவுச் சித்தி லைலா வேலிக்கு மேலால் எட்டி, "புள்ள சுஹறா, உன்ட மாப்பிள்ளைக்கு இந்தப் பழக்கம் எப்ப தொடங்கின?" என்று கேட்டிருக்கிறா. உங்கள் ராத்தா உள்ளே வந்து சோற்றை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டா. ஜும்ஆத் தொழுகையில் எனக்குப் பக்கத்தில் நின்ற மனுசன், சஃப்பு வரிசையை நேராக்குகிற சாட்டில் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து என் வாயை மோந்து பார்த்தார். அல்லாஹ்வின் பள்ளிக்குள், மச்சான். களவை விட்டதற்காக.

பள்ளிவாசலின் அச்சு வேலையெல்லாம் இப்போது பஸ் நிலையத்தடியில் திறந்திருக்கிற புது அச்சகத்துக்குப் போய்விட்டது. அவனிடம் விண்டோஸும் களவு, அச்சுக்கோர்ப்பு மென்பொருளும் களவு. அதுவும் நான் நெல்லைக் கொடுத்து வாங்கிய அதே மென்பொருள். போன கிழமை அவன் பள்ளிக்கு அடித்துக் கொடுத்த நோட்டீசு எனக்கும் ஒன்று வந்தது. 'பிறர் உடைமையை அபகரித்தல்: விசேட மார்க்கச் சொற்பொழிவு.' ஒரு ஹ விடுபடவில்லை, ஒரு ஸ விடுபடவில்லை. அவ்வளவு துப்புரவாக இருந்தது.

கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, மென்பொருள் விற்ற கொழும்புக் கம்பனிக்குப் போன் எடுத்தேன். பெயரைச் சொல்லமாட்டேன், பாவம், மரியாதையாகத்தான் கதைத்தார்கள். என் அனுமதி இலக்கத்தைக் கேட்டு, சரி பார்த்து, "நீங்கள் எங்கட முறையான வாடிக்கையாளர் ஐயா," என்றார் அந்தப் பிள்ளை. அந்தச் சொல்லுக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. விசயத்தைச் சொன்னேன். "லினக்ஸோ? அதுக்கு நாங்கள் பொறுப்பில்லை ஐயா. விண்டோஸ் போடுங்கோ."

"விண்டோஸ் வாங்க வசதி இல்ல தம்பி."

"ஆர் ஐயா அதை வாங்குகினம்? ஆரிட்டையாவது ஒரு கொப்பி எடுத்துப் போடுங்கோ."

"அது களவில்லையா?"

"எங்கடையைக் கொப்பி பண்ணினாத்தான் ஐயா களவு," என்றார்.

போனை வைத்துவிட்டேன். கண்ணாடிக்குள் இருந்த அனுமதிப்பத்திரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான், நான் தோற்றுவிட்டேன். நாளைக்குப் பவிதரன் வருகிறான், கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிற பொடியன். உங்கள் லினக்ஸையும் வைனையும் துடைத்து எறிந்துவிட்டு அவனிடம் இருக்கிற விண்டோஸைப் போடுவான். ஹாஜியாருக்குப் புதுக் கார்டு அடித்துக் கொடுத்து, ஊரோடு ஊராக நானும் ஒரு மரியாதையான கள்ளனாக இருந்துவிட்டுப் போகிறேன். அந்தப் பாவம் உங்கள் தலையிலா என் தலையிலா என்பதை மறுமையில், மஹ்ஷரில் பார்த்துக்கொள்வோம். அடுத்த லீவில் வரும்போது ராத்தாவுக்குப் புடைவை கொண்டு வாருங்கள், உம்மாவுக்கு மருந்து கொண்டு வாருங்கள், எனக்கு நல்ல புத்தி மட்டும் கொண்டு வரவேண்டாம். உள்ளே வருவதற்கென்று அச்சகத்து வாசலில் செருப்பைக் கழற்றவே கூடாது.

மற்றப்படி ஒரு கோபமும் இல்லை. உங்கள் உழைப்பில் பறக்கத்தும், உடம்பில் ஆரோக்கியமும், விசா நீடிப்பும் ரஹ்மானான அல்லாஹ் தந்தருள்வானாக.

இப்படிக்கு,
மனம் நொந்த மச்சான்,
ஆ. ஆதம்பாவா

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டியபின் தபாலில் போடக் கை வராமல் மேசையில் கிடந்தது. இன்று செவ்வாய்க்கிழமை, பிரித்து எழுதுகிறேன். பவிதரன் சொன்னபடி வந்து விண்டோஸைப் போட்டான். எல்லா எழுத்தும் வந்தது. ஹாஜியாரின் ஹஜ் முழுசாக வந்தது. அவரே வந்து ஒரு பிரதியைப் பார்த்து, என் தோளில் தட்டி, திங்கட்கிழமை அடித்துவிடு என்றார். திங்கட்கிழமை காலை கணினியைப் போட்டேன். கறுப்பு. ஓர் எழுத்து இல்லை, ஒரு சத்தம் இல்லை. பவிதரனிடம் ஓடினேன், அவனுடைய வகுப்புக் கணினிகள் எல்லாம் கறுப்பு. பஸ் நிலையத்தடி அச்சகம் கறுப்பு. பள்ளிவாசல் செயலாளரின் கந்தோர் கறுப்பு. களவுப் பிரதிகளோடு ஒட்டிக்கொண்டு வந்து ஒளிந்திருந்த ஏதோ வைரஸாம், அந்தத் தேதிக்கென்றே காத்திருந்து எழும்பியதாம், உலகம் முழுக்க இதே கதை என்று ரேடியோவில் சொன்னார்கள். "உங்கட மச்சான் போட்டது இருந்திருந்தாத் தப்பியிருக்கும் காக்கா," என்கிறான் பவிதரன், அதைத் துடைத்து எறிந்த அதே பொடியன். இந்தத் தெருவில் உயிரோடு இருக்கிற ஒரே கணினி என்னுடையதாக இருந்திருக்கும். மூன்று நாள் பொறுக்காமல் போனேன். ஆகவே மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம், வாசித்துவிட்டால் கிழித்துவிடுங்கள், எப்படியாவது அவசர லீவு எடுத்து, அந்த லினக்ஸையும் வைனையும் கொண்டு வாருங்கள். இதை எழுதும்போது பதியுதீன் ஹாஜியார் கடை வாசலில்தான் நிற்கிறார். கலியாணம் நெருங்கிவிட்டது, கல்முனையில் கார்டு அடிக்க ஆளில்லை. ஹ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கையாலேயே எழுதிக்கொள்ளலாம் என்கிறார். சற்று முன் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டுக் கேட்டார்:

"ஆதம்பாவா, உன்ட மச்சானுக்கு எழுதிட்டியா? அந்த வைன் எப்ப வரும்?"