இரு வைத்தியமும் ஒரு பை மாவும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், புத்தளம் களப்பின் கடல்நீரைக் கடந்து உச்சமுனைத் தீவுக்குப் போகும் எந்தப் பொருளும் தான் இன்னதென்று முதலில் நிரூபிக்க வேண்டியிருந்தது. உணவென்றால் குடும்பத்துக்கு வாரம் இவ்வளவு என்று நிறுத்து அனுப்பினார்கள். மருந்தென்றால் கொழும்பிலிருந்து அனுமதி வர வேண்டும். அனுமதி ஒருபோதும் வராமல் இருந்ததில்லை. நோயாளிகள்தான் பொறுமையற்றவர்களாக இருந்தார்கள்.

இந்தப் பணியை ஆற்றிவந்தது இறங்குதுறைப் பொருட் பரிசோதனைக் குழு. அதன் தலைவர் திரு. தில்லையம்பலம் கையூட்டு வாங்காதவர். அதனால் அவரிடம் எந்தக் காரியமும் நடக்காது. அண்மையில் கண்டியில் ‘மாற்று உணவின் வழியே நிறைவாழ்வு’ என்ற கருத்தரங்கில் பங்குபற்றி, சோற்றையும் பாணையும் துறந்து, அவித்த பயறோடு திரும்பியிருந்தார். அலுவலகத்தில் எல்லோரும் அவித்த பயறே உண்டார்கள். பதவி உயர்வுக்குப் பெயர்கள் கேட்டிருந்த காலம் அது.

ஒரு காலையில், உச்சமுனையைச் சேர்ந்த ஜுனைதா இறங்குதுறைக்கு வந்தாள். தீவில் அவள் மகள் அஸீஸா மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். ஜுனைதா முதலில் டொக்டர் அன்ரனிப்பிள்ளையிடம் குளிசை வாங்கியிருந்தாள். “அந்தப் பரியாரியின் கசாயத்தைத் தொட்டால் என் வாசலை மிதிக்க வேண்டாம்” என்றார் அவர். அடுத்ததாக நாட்டு வைத்தியரான பரியாரி மஸாஹிரிடம் கசாயம் வாங்கியிருந்தாள். “அந்த வெள்ளைக் குளிசையை முழுங்கினா ஈரல் வெந்து போகும், புள்ள” என்றார் இவர். இருவருக்கும் தலையாட்டிவிட்டு, இரண்டையும் அந்த வாரத்துக் கோதுமை மாவோடு ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்தாள். நம் மக்களின் மருத்துவக் கொள்கை என்றும் இதுவே.

தில்லையம்பலம் பையைத் திறந்தார்.

“இதில எது மருந்து?”

“ரெண்டுந்தான், சேர்.”

“ஒரு நோய்க்கு எப்பிடி ரெண்டு மருந்து இருக்கும்? ஒண்டு மருந்தெண்டால் மற்றது பொய். பொய்யைக் கடத்த எனக்கு அதிகாரமில்லை.”

“பொய்யாயிருந்தாலும் பரவாயில்ல, சேர். புள்ளக்கிப் பொழுதுபட்டா வலிப்பு வருது.”

இது அறிஞர்கள் தீர்க்கவேண்டிய விடயம் என்று தலைவர் கருதினார். அன்று பிற்பகலே கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் நிபுணர் விவாதம் கூட்டப்பட்டது. இருட்டியபின் வள்ளம் ஓடத் தடை. ஆகவே ஜுனைதா சூரியனைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். விவாதம் என்ற சொல்லைக் கேட்டதும், படித்தவர்களாகிய நாங்கள் கதிரைகளை நிரப்பினோம்.

“உலகம் முழுக்க ஆராய்ந்து ஒப்புக்கொண்ட மருந்து இது” என்று டொக்டர் தொடங்கினார். “அது, ஐயா, வேலியில் பிடுங்கின இலை.”

“வேலியில புடுங்கினதுதான், சேர். வேலி எங்க உப்பாட காலத்து வேலி, பாட்டன் சொத்து. இவர்ட மருந்துக்கு உப்பா இருக்கா?”

“மலேரியாவுக்கு ஒரு கிருமி இருக்கென்று இவருக்குத் தெரியுமோ?”

“தெரியாது. ஆனா என்ட கசாயத்துக்கு அது தெரியும்.”

கைதட்டல் கூரையைத் தொட்டது. தலைவர் நெகிழ்ந்துபோய் எழுந்தார்.

“மிக்க நன்றி. இரண்டில் எது மருந்து என்று நிரூபணமாகுதோ, அது கொழும்பு அனுமதி வரும்வரை இங்கே தடுத்து வைக்கப்படும். மருந்தல்லாதது இப்பவே வள்ளத்தில் போகலாம்.”

தன் மருந்து கரையில் கிடக்க, அடுத்தவரின் பொய் தீவுக்குப் போய்ப் பிள்ளையைக் குணமாக்கிவிட்டால் என்ன ஆவது? இரு மேதைகளும் ஒரே கணத்தில் அதைச் சிந்தித்தார்கள்.

“சேர்,” என்றார் பரியாரி, “உண்மையச் சொன்னா இது ஒரு வகை ரசம்.”

“என் குளிசையில் பெரும்பகுதி மாவும் சுண்ணாம்பும்தான்” என்றார் டொக்டர்.

“மாவும் சுண்ணாம்பும் கிருமியக் கொல்லுமாக்கும்?”

“கிருமியா? அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. உங்கட உப்பாவின் மருந்தை ரசம் என்கிறீரே, வெட்கமில்லையா?”

“எங்க உப்பா நல்லாச் சமைப்பாரு, டொக்டர்.”

உணவென்றால் உண்டு காட்டுங்கள் என்றார் தலைவர். பரியாரி ஒரு கோப்பைக் கசாயத்தைக் குடித்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ருசி எப்படி என்று கேட்டதற்கு, “அல்ஹம்துலில்லாஹ், வட்டிலப்பம் மாதிரி இனிக்குது” என்றார். டொக்டர் ஒரு குளிசையைக் கடித்து மென்றார். உலகிலுள்ள கசப்பெல்லாம் அவர் முகத்தில் கூடியது. “பெப்பர்மிந்து” என்றார்.

ஜுனைதா உள்ளே எட்டிப் பார்த்தாள். “இனித் தின்டு முடிச்சிராதீங்க. எண்ணித்தான் தந்திருக்கு.”

தீர்ப்பு வழங்கப்பட்டது: இரண்டும் உணவு. உணவென்பதால் இரண்டும் வாராந்த உணவுக் கணக்கில் சேரும். ஜுனைதாவின் மா ஏற்கெனவே உச்சவரம்பைத் தொட்டிருந்தது. ஆகவே சமமான எடையில் மாவைக் குறைக்க வேண்டும். இறங்குதுறையில் இருந்த ஆகச் சிறிய படிக்கல் இரண்டு கிலோ.

“ஒரு போத்தல் கசாயத்துக்கு ரெண்டு கிலோ மாவா, சேர்?”

“சட்டத்துக்கு அதைவிடச் சின்னக் கல் இல்லை, பிள்ளை.”

“எடுத்துக்கோங்க” என்றாள் ஜுனைதா. பையைத் தூக்கிக்கொண்டு வள்ளத்துக்கு ஓடினாள். அதுவரை அந்த மண்டபத்தில் யாரும் அவ்வளவு விரைவாக ஒரு முடிவெடுக்கவில்லை.

அஸீஸா பிழைத்துக்கொண்டாள். என்னால்தான் என்று டொக்டர் கிளம்பினார். என்னால்தான் என்று பரியாரியும் கிளம்பினார். இருவரையும் முந்திவிட்டது தில்லையம்பலத்தின் அறிக்கை. நோயாளி மருந்தெதுவும் உட்கொள்ளவில்லை. இதற்கு இரு நிபுணர்களின் வாக்குமூலம் உண்டு. நிகழ்ந்த ஒரே மாற்றம் மா குறைந்தது. காய்ச்சல் நீங்கியது. எனவே பொதுமக்களின் ஆரோக்கியத்தைக் கருத்திற்கொண்டு தீவு முழுவதற்குமான மாவைப் பாதியாக்குவது பரிந்துரைக்கப்பட்டு, உடனடியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இந்த முறை அனுமதி கொழும்பிலிருந்து அடுத்த தபாலில் வந்தது.

செய்தி புத்தளம் நகருக்குள் பரவியது. உச்சமுனைப் பத்தியம் என்று அதற்குப் பெயர் வந்தது. நீரிழிவுள்ள வியாபாரிகளும், திருமணத்துக்கு முன் இளைக்க விரும்பிய மணப்பெண்களும், எங்கள் ஆசிரியர் சங்கமும் அதைக் கடைப்பிடித்தோம். டொக்டரும் பரியாரியும் முதன்முறையாக ஒத்துப்போய், இருவருமே அதை எழுதிக் கொடுத்தார்கள். விளக்கக் கருத்தரங்கு ஒன்று வைத்தோம். தலைவரைப் பார்த்து மாவைத் திருப்பிக் கேட்கலாம் என்று யாரோ சொல்ல, அதை நம்பி ஜுனைதா அதற்கு வந்தாள். சிறப்புப் பேச்சாளர் என்று மேடையில் ஏற்றிவிட்டோம்.

“எங்களுக்கு மா காணாது, சேர்” என்றாள் அவள். “புள்ளயள் பசியில கிடக்குதுகள்.”

முன்வரிசையில் ஓர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் பணிவோடு எழுந்தார்.

“தங்கச்சி, இந்தப் பசியை எப்ப எடுக்கிறது நல்லது? சாப்பாட்டுக்கு முன்னமோ, பின்னமோ?”

ஜுனைதா அவர் பக்கம் திரும்பினாள்.

“சாப்பாடு இருந்தாத்தானே, சேர், முன்னும் பின்னும்.”

எத்தனை ஆழமான கருத்து! நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். நானும்தான். கைதட்டல் ஓய்ந்ததும், பகலுணவுக்காகக் கருத்தரங்கு ஒத்திவைக்கப்பட்டது.