மேனேஜரம்மாவின் பிசினஸ் லேப்டாப்

எனக்குத் தெரிந்து இந்தச் சென்னைப் பட்டணத்தில் லேப்டாப் சொன்ன சொல்லைத் தட்டாமல் கேட்டு நடந்த ஒரே ஜீவன் எங்கள் மேனேஜரம்மாதான். நீங்களும் நானும் என்ன செய்கிறோம்? அது எதையாவது கேட்டால் 'அப்புறம்' என்று ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறோம். மேனேஜரம்மாவுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

அவர் எந்த ஆபீசுக்கும் மேனேஜர் இல்லை. பெசன்ட் நகர் குப்பத்திலிருந்து கிளம்பி அடையாறு முழுக்க வீடு வீடாக மீன் கொடுப்பவர். முன்பு சாலையோரம் கூடை வைத்திருந்தார். அந்த இடம் போனதும் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. வாடிக்கைக்காரர்களின் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். சில மாதங்களில் நூறு வீடு சேர்ந்தது. யாருக்குத் தலை வேண்டாம், யாருக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது, எந்த வீட்டில் மாமியார் கோயிலுக்குக் கிளம்பிய பிறகுதான் மணி அடிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் மண்டைக்குள்ளேயே வைத்திருந்தார். மண்டை நிறைந்ததும் லேப்டாப் வாங்குவதென்று முடிவு செய்தார்.

எனக்கு அவர்மேல் ஒரே ஒரு மனத்தாங்கல். சங்கரா மீன் என்றால் எனக்கு உயிர். எப்போது கேட்டாலும், "சங்கரா வரல சார், வஞ்சிரம் வச்சிக்கோ" என்பார். கூடை ஓரத்திலிருந்து சிவப்பாகச் சங்கரா என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். விலை கூடிய மீனை என் தலையில் கட்டுகிறாரே என்று உள்ளுக்குள் பொருமிக்கொள்வேன்.

லேப்டாப் வாங்கத் துணைக்கு என்னைத்தான் இழுத்துப் போனார். நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன், ஆகவே வெட்டியாக இருப்பவன் என்பது அவருடைய தீர்மானம். தி. நகரில் பழைய லேப்டாப் விற்கும் கடைக்காரர், மெல்லிசாக மினுமினுக்கும் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது இன்னாத்துக்கு?"

"படிக்கிற பசங்களுக்கு நல்லா இருக்கும்மா."

"நான் இன்னா பரீட்சயா எயுதப் போறேன்? பிசினஸ் பண்றவங்க வச்சிக்கினு கீறது எது? அத்த எடு."

ஏதோ ஒரு கம்பெனி மொத்தமாகக் கழித்துவிட்ட சரக்கிலிருந்து செங்கல் கனத்தில் ஒரு கறுப்பு லேப்டாப் வந்தது. மேனேஜரம்மா மூடியைத் தூக்கி, செவுளைப் பார்ப்பதுபோல உள்ளே பார்த்தார். "ஃப்ரெஷ் இல்ல. ஆனா கெட்டி" என்று தீர்ப்புச் சொன்னார். கடைக்காரர் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுத்தார். திறந்தால் திரையில், 'வாங்க ஸ்ரீதர், சீனியர் மேனேஜர்' என்று இங்கிலீஷில் வரவேற்பு! பழைய ஆளின் பெயரை யாரும் அழிக்கவில்லை. நான் அதைப் படித்துச் சொன்ன அன்றிலிருந்து அவர் எங்கள் தெருவுக்கு மேனேஜரம்மா.

எட்டாவது வரை படித்தவர். தமிழ் எழுத்து ஸ்டிக்கரைக் கீபோர்டில் ஒட்டி, ஒற்றை விரலால் ஒரே மாதத்தில் நூறு வீட்டையும் ஏற்றிவிட்டார். லேப்டாப் சூடானால் ஐஸ் பெட்டியின் மூடிமேல் வைத்து ஆறவிடுவார். "கொதிக்கிதுன்னா குளிர வையி, இதுல இன்னா கீது?" என்பார். அது உறுமத் தொடங்கியபோது மெக்கானிக் திறந்து பார்த்து, ஃபேனுக்குள்ளிருந்து மீன் செதிலைக் கொத்தாக எடுத்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல இதைப் பாத்ததில்லைம்மா" என்று அதைத் தனியாக ஒரு தாளில் மடித்து வைத்துக்கொண்டார்.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. தினமும் காலையில் திரையின் நடுவே ஒரு பெட்டி முளைக்கும்: 'ஸ்ரீதர், நீங்கள் முடிக்க வேண்டிய பயிற்சிகள் பதினான்கு.'

"அது பழைய ஆளுக்கும்மா. மூடிடுங்க."

"அய்யே, அப்டி உட முடியுமா? வேல குடுத்தவன் கேட்டுக்கினே கீறான். பாவம் அந்த ஸ்ரீதரு, இன்னா கஷ்டமோ, முடிக்காம போய்ட்டாரு. நாம முடிச்சி உட்டா அவரு பேரு கெடாதுல்ல?"

மீன் கொடுத்து முடித்த மதியங்களில் என் சாப்பாட்டு மேஜைதான் வகுப்பறை. நான் கேள்வியைத் தமிழில் சொல்வேன், அவர் பதில் சொல்வார், நான் அமுக்குவேன்.

"கூட வேலை செய்யறவர் எல்லார் முன்னாடியும் உங்களைப் பாத்துக் கத்தறார். அமைதியா கேப்பீங்களா, மேலதிகாரிகிட்ட சொல்லுவீங்களா, தனியா கூப்பிட்டுப் பேசுவீங்களா?"

"மூணுதானா? மீன் ஏலத்துல நாங்க பண்றது இதுல இல்லியே சார்."

'அமைதியாகக் கேட்பேன்' என்று நான் அமுக்கியதும், "பொய் சொல்ல வச்சிட்டியே" என்று அரை நாள் என்னோடு பேசவில்லை. முதுகை நேராக வைத்து உட்காரும் பயிற்சிக்குப் பிறகு மீன் பெட்டிமேல்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். தீ விபத்துப் பயிற்சி முடிந்த அன்று என் சமையலறைக்குள் புகுந்து, விரிசல் விட்டிருந்த கேஸ் டியூபைக் கண்டுபிடித்து, நான் புதிதாக மாற்றும்வரை மீன் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

பதினான்கும் முடிந்தது. அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, லேப்டாப் திறக்க மறுத்தது. 'இந்த லேப்டாப் பூட்டப்பட்டுள்ளது. கம்பெனியின் ஐ.டி. பிரிவை அணுகவும்.'

மேனேஜரம்மாவின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. "நாளானிக்கு ஞாயித்துக்கெயம சார். நூறு வூடும் உள்ள கீது. நண்டு துன்னா மூஞ்சி வீங்கற வூட்டுக்கு மாத்திக் குடுத்துட்டா இன்னா ஆவறது? அப்புறம் எவ என்ன நம்பி கதவத் தொறப்பா?"

மெக்கானிக்கைப் போனில் பிடித்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார். "என் நூறு வூட்ட அழிக்க நீ யாருய்யா?" என்று போனைப் பிடுங்கிக் கேட்டவர், லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயரை என்னைப் படிக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் தரமணியில் அந்த ஆபீஸ் வாசலில் ஆட்டோ நின்றது. செக்யூரிட்டி மூக்கைச் சுளித்து, யாரைப் பார்க்க வேண்டும் என்றார்.

"ஐ.டி. பிரிவ. அவங்களேதான் வரச் சொல்லி எயுதிக்கிறாங்க."

கண்ணாடி போட்ட ஒரு பெண் இறங்கி வந்தார். கதையைக் கேட்டுவிட்டு நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "ஸ்ரீதர் வேலையை விட்டு ரொம்ப நாளாச்சு சார். திடீர்னு பதினாலு டிரெயினிங்கையும் முடிச்சு ஆபீஸ்லயே முதலா வந்துட்டார். பரிசு குடுக்கத் தேடினா ஆளே இல்ல! யாரோ உள்ள புகுந்துட்டாங்கன்னு பயந்து பூட்டிட்டோம்."

"பூந்தவ நான்தாம்மா. மார்க்கு எவ்ளோ?"

"தொண்ணூத்தாறு."

மேனேஜரம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அந்த நாலு உன்னாலதான் சார் போச்சி."

லேப்டாப்பை விற்றபோது தங்கள் கணக்கிலிருந்து எடுக்க மறந்தது தங்கள் தப்புதான் என்று அந்தப் பெண் ஒப்புக்கொண்டார். பூட்டைத் திறந்து, பட்டியலைப் பத்திரமாக எடுத்துவைத்து, ஸ்ரீதரை வழியனுப்பிவைத்தார். மேனேஜரம்மா பரிசைக் கேட்டு வாங்காமல் நகரவில்லை. ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில்.

"நூறும் வந்துட்ச்சா பாரு சார், ஒண்ணு உடாம" என்று பட்டியலை என்னிடம் தள்ளினார். அதுவரை நான் அதைப் படித்ததில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எழுபதுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன்.

'ரெண்டாவது மாடி சார். சங்கரா கேப்பாரு. வரலன்னு சொல்லு. வஞ்சிரம் குடு, முள்ளு கம்மி. தொண்டைல முள்ளு மாட்னவரு. தனியா கீறாரு. மறுபடி மாட்னா யாரும் இல்ல.'

முள் சிக்கி ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதையை எப்போதோ அவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தேன். எனக்கே மறந்துபோயிருந்தது.

"இன்னா சார், எல்லாம் கீதா?"

"எல்லாம் இருக்கும்மா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நூறு வீட்டுக்கும் மீன் போனது. எந்த முகமும் வீங்கவில்லை. என் கதவைத் தட்டியபோது கூடை ஓரத்தில் சிவப்பாக அது தெரிந்தது. கேட்டேன், வரவில்லை என்றார். வஞ்சிரம் வாங்கிக்கொண்டேன்.

இப்போதும் வாராவாரம் சங்கரா இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். இல்லை என்று சொல்ல எனக்கும் ஒருவர் இருக்கிறார்; அந்த 'வரல சார்' காதில் விழத்தான்.