சீர்வரிசையில் ஏறிய சோகப் பாட்டுகள்

காதல் தோல்விப் பாட்டைக் கேட்பதற்குக் காதலித்திருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. இருபத்தொரு வயதில் எனக்குக் காதலும் இல்லை, தோல்வியும் இல்லை. எந்தப் பெண்ணும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் ஊரில் தாடி வைத்த பையன்களுக்கு ஒரு மரியாதை இருந்தது. எனக்குத் தாடியும் ஒழுங்காக வளரவில்லை. (இன்றுவரை வலது கன்னத்தில் மட்டும்தான் வளர்கிறது.) எனவே சோகப் பாட்டு கேட்டாவது அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவால் என் அக்கா கல்யாணம் நிற்கப் பார்த்த கதைதான் இது.

இதற்கு முதலில் விழுப்புரத்தில் இருந்த இரண்டு கடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டும் இப்போது இல்லை. ஒன்று, கடைத்தெருவில் இருந்த பாத்திரக்கடை. பெயர்ப்பலகையில் ஏதோ நீளமாக எழுதியிருக்கும், ஆனால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அது ‘மாடிக் கடை’. கீழே எவர்சில்வர், மாடியில் பித்தளை. முதலாளி ஒவ்வொரு குடத்தையும் விரல் கணுவால் தட்டி, ‘டங்’ என்று சத்தம் வந்த பிறகுதான் நம் கையில் தருவார். சத்தம் பிடிக்காவிட்டால் அம்மா உதட்டைப் பிதுக்குவாள், அவர் அடுத்த குடத்தைத் தட்டுவார். ஒரு குடம் வாங்க அரை நாள் ஆகும். யாரும் அவசரப்பட்டதில்லை.

மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகை போட்டு ஏழுமலை அண்ணன் உட்கார்ந்திருப்பார். பாத்திரத்தில் பெயர் வெட்டுவது அவர் வேலை. கையில் கரண்டு பேனா, கிர்ர்ரென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டதால் அவரோடு பேசுவதைவிடச் சீட்டில் எழுதிக் கொடுப்பதே மேல்.

இன்னொன்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த கேசட் ரெக்கார்டிங் கடை. நடத்தியவர் பாய். அவர் பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது, பாய் அவ்வளவுதான். பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிட கேசட்டில் ஏ சைடு ஆறு, பி சைடு ஆறு என்று பதிந்து நாலு நாளில் தருவார். பட்டியலைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவார். நான் முதல்முறை சோகப் பட்டியல் கொடுத்தபோது, “இன்னா தம்பி, அதுக்குள்ளயா?” என்று கேட்டார். எனக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அக்கா செல்விக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அந்த வருஷம் எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, நன்றாக விளைந்திருந்தது. அப்பா மாடிக் கடையில் அண்டா, குடம், தவலை, கொப்பரை என்று பெரிய உருப்படியாகவே பதிமூன்று வாங்கினார். எல்லாவற்றிலும் பெயர் வெட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. ‘சௌபாக்கியவதி செல்விக்கு, அன்புடன் அப்பா அம்மா’ என்று கோடு போட்ட நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதி, நான்காக மடித்துக் கொடுத்தார்.

“ஏழுமலைகிட்ட சொல்லு, போன தடவ மாமன் வூட்டுக் குடத்துல எழுத்த முழுங்கிட்டாரு. இந்த தடவ அப்பிடியே போடணும். புரிதா?”

புரிந்தது. அதே நோட்டிலிருந்து நானும் ஒரு தாளைக் கிழித்து, அதே போல நான்காக மடித்து, அதே சட்டைப் பையில் வைத்திருந்தேன் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அது பாய்க்கான பட்டியல்.

மாடிக் கடைக்குப் போய்ச் சீட்டைப் பிரிக்காமலே ஏழுமலை அண்ணனிடம் நீட்டினேன். காதருகே குனிந்து கத்தினேன்: “அண்ணே! இதுல இருக்கறத அப்பிடியே போடணும்! ஒரு எழுத்து மாறக் கூடாது!”

“மாறாது தம்பி, நீ போய்க்கினே இரு” என்றார்.

போய்க்கொண்டே இருந்தேன். பாயிடம் மற்ற சீட்டைக் கொடுத்தேன். அவர் வாடிக்கையாளர் கூட்டத்தில் இருந்ததால் பிரித்துப் பார்க்காமல் டப்பாவில் போட்டுக்கொண்டார். அன்று நான் பரோட்டா தின்றுவிட்டு, ஒரு பெரிய காரியம் முடித்த மனிதனாக வீட்டுக்குப் போனேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பாத்திரங்கள் தயார். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, மினி லாரியில் அடுக்கிக் கொடுத்தார்கள். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கூட்டேரிப்பட்டில் டீக்கு நிறுத்தியபோது, “சீரு பலமா கீதே” என்று டிரைவர் சொன்னார். “பேரு வெட்டுனது நான்தான்” என்றேன். அவர் கேட்காமலேயே சொன்னேன்.

திண்டிவனம் மண்டபத்தில் மாலை நாலு மணிக்குச் சீர் பரப்பினார்கள். பெண் வீட்டுச் சீரை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பிரித்து அடுக்குவதும், அடுக்கும்போதே மனதுக்குள் எடை போடுவதும் வழக்கம். தலைமை தாங்கியவர் மாப்பிள்ளையின் பெரியம்மா, தனபாக்கியம். மாப்பிள்ளை வீட்டில் உப்புப் போட வேண்டுமென்றாலும் அவர் தலையசைக்க வேண்டும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் கட்டைப் பிரித்தார். பெரிய அண்டா, பளபளவென்று வந்தது. எழுத்தைத் தடவிப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி வாசித்தார்.

“ஏ… சைடு. ஒண்ணு.”

அவர் தொடர்ந்தார்.

“சொன்ன சொல்லை ஆத்தோடு விட்டவளே.”

(அசல் பாட்டு வரிகளை எழுத அக்கா இன்றுவரை அனுமதிக்கவில்லை. அதே துக்கத்தை என் சொந்தச் சொற்களில் தருகிறேன்.)

என் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. அது வேறு சட்டை. தடவி என்ன ஆகப்போகிறது? பெரியம்மா அடுத்த கட்டைப் பிரித்துவிட்டார்.

“ஏ சைடு, ரெண்டு. வேறொருத்தன் வாசலிலே கோலமிட்டாயே.”

“இன்னாக்கா அது?” என்று யாரோ கேட்டார்கள். பெரியம்மா வேகமாகப் பிரிக்க ஆரம்பித்தார். தவலையில், ‘மாலையும் கயிறாச்சே’. கொப்பரையில், ‘ஊரெல்லாம் மேளச்சத்தம் எனக்கேன் கண்ணீரோ’. பித்தளைக் குடம் பி சைடில் ஆரம்பித்து, ‘அவன் கை பிடிக்கையிலே என் நினைவு வாராதோ’ என்று கேட்டது. பதிமூன்றாவதாக வந்தது பெரிய தூக்குச் சட்டி. பட்டியலின் கடைசியில் பாய்க்கு நான் எழுதியிருந்த குறிப்பு அதில் முத்து முத்தாக இருந்தது.

“கடைசியில் இடம் இருந்தால் இன்னும் சோகமாக ஏதாவது போடவும்.”

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றினார். அப்பாவைப் பார்த்தார்.

“ஏங்க, பொண்ணுக்கு வேற எங்கனா மனசு இருந்தா முன்னாடியே சொல்லிக்கலாமே. எவனோ ஒருத்தன் பாத்திரத்துல எழுதி அனுப்பற வரைக்கும் வுட்டு வச்சிக்கிறீங்களே?”

மாட்டு வியாபாரியிடமும் பஸ் கண்டக்டரிடமும் ஒரு சொல்லுக்கு நாலு சொல் பேசுகிற அப்பா, தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அண்டாவையே பார்த்தபடி நின்றார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் மூலையில் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் செருப்பையே தேட ஆரம்பித்துவிட்டார். நாளைக் காலை முகூர்த்தம்.

மணப்பெண் அறைக் கதவு லேசாகத் திறந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள். பாத்திரங்களைப் பார்த்தாள், ஒரு வரி படித்தாள். அந்தப் பாட்டுகளை ஒரு வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். உடனே புரிந்துவிட்டது. கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லி என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பார்வையில் என் காலே என்னைத் தள்ளிக்கொண்டு போய்ப் பெரியம்மா முன்னால் நிறுத்தியது.

“பெரியம்மா, அது நான் எழுதுனது.”

“நீயா? நீ செல்விக்குத் தம்பிதான?”

“ஆமாங்க. அது பாட்டு லிஸ்டுங்க. கேசட்டுக்கு. சீட்டு மாறிப்போச்சு.”

“பாட்டா? இதெல்லாம் பாட்டா? நான் கேட்டதே இல்லியே.” அவர் பக்திப் பாட்டைத் தவிர எதையும் கேட்காதவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். “அக்காவக் காப்பாத்தப் பொய் சொல்றியா?”

“சத்தியமாப் பாட்டுதாங்க.”

“அப்பிடின்னா பாடு.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நாதஸ்வரக்காரருக்காக வைத்திருந்த மைக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். அண்டாவை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, வரியின் மேல் விரலை வைத்தார்.

“இதுலேர்ந்து ஆரம்பி. ஒண்ணு வுடாம வரணும்.”

எனக்குப் பாட வராது. வராது என்றால், பள்ளியில் கடவுள் வாழ்த்தின்போது வாயை மட்டும் அசைக்கச் சொல்லித் தனியாக உத்தரவு பெற்றவன் நான். ஆனாலும் அக்கா கதவருகே நின்றாள், அப்பா துண்டோடு நின்றார். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். வாழை மரம் கட்டிய கல்யாண மண்டபத்தில், குலை வாழைக்கும் சீர்த்தட்டுக்கும் நடுவே, கட்டிக்கொள்ளப் போகிறவளைச் சபித்து ஒரு பாட்டு. பிறகு இன்னொன்று. பெரியம்மா எழுத்தெழுத்தாக விரலை நகர்த்தி, ‘சரி, அடுத்தது’ என்று தவலையை இழுத்தார். சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். தெருவில் போனவர்கள், உள்ளே ஏதும் துக்கமோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஐந்தாவது பாட்டில் தொண்டை கட்டியது. ஆறாவதில் உச்சத்துக்குப் போக முயன்று குரல் பாதியில் உடைந்தது. அப்போது பின்னாலிருந்து இன்னொரு குரல் அந்த இடத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தது. திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளை. முகச்சவரம் பாதி முடிந்த கன்னம், தோளில் டவல்.

“பெரியம்மா, பாட்டு நெஜந்தான். இவன்தான் சுதியில்லாமப் பாடிக்கினு கீறான். பி சைடுல கீற பாட்டெல்லாம் என்கிட்டயே கேசட்டா கீது” என்றார்.

பெரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஒனக்கு எதுக்குடா இந்தப் பாட்டு?”

மாப்பிள்ளை முகம் போன போக்கைப் பார்த்து அக்கா ‘களுக்’கென்று சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் அப்பா துண்டைத் தோளில் போட்டார். பிறகு மண்டபமே சிரித்தது. செருப்பைத் தேடியவர் காபி கேட்டார்.

மறுநாள் குறித்த நேரத்தில் தாலி ஏறியது. நான் பந்தி பரிமாறும்போது ஒவ்வொரு இலையிலும், “தம்பி, பி சைடு மீதி ஆறு எப்போ?” என்று கேட்டார்கள். பெரியம்மா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பாத்திரத்துல இருந்ததக்கூட மன்னிச்சிட்டேன். பாடுனியே, அதுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஏழுமலை அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். அவர் பேனாவை அணைத்துவிட்டு, “பாத்திரமும் பதிமூணு, வரியும் பதிமூணு. பொண்ணப் பிரியற வருத்தத்துல அப்பன் எழுதுன கவிதன்னு நெனச்சேன்பா. வெட்டும்போது எனக்கே கண்ணு கலங்கிடுச்சி” என்றார். பாயோ அப்பா எழுதிய சீட்டை விரித்து வைத்துக்கொண்டு, “சௌபாக்கியவதி செல்வி… நாலு நாளா தேடறேன் தம்பி, இந்தப் படம் ரிலீஸ் ஆவலியே” என்றார்.

இப்போது மாடிக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். எதையும் தட்டிப் பார்ப்பதில்லை. பாய் கடை இருந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். என் மானம் போன இடங்கள்தான், ஆனாலும் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. பாத்திரங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அழித்துத் தருகிறேன் என்று நான் சொன்னதற்கு அக்கா சம்மதிக்கவில்லை. அவள் வீட்டில் அண்டாவுக்கு அண்டா என்று பெயரில்லை, எல்லாமே பாட்டுப் பெயர்தான். அவள் மகள் கயல்விழி பிறந்ததிலிருந்து அதைக் கேட்டே வளர்ந்தவள்.

போன மாதம் கயலுக்குக் கூட்டேரிப்பட்டில் கல்யாணம் ஆனது. மூன்றாம் நாள் காலையில் கயலின் மாமியார் வீட்டிலிருந்து அக்கா போனில் அலறினாள்.

“டேய் சேகரு, எங்க கீற? ஒன்னால பேஜாராப் போச்சுடா. விருந்தாளிங்க வந்துக்கிறாங்க, சாம்பார் மாத்தப் பாத்திரம் எடும்மான்னு சம்பந்தியம்மா சொல்லிக்கிறாங்க. இந்தக் கழுத நம்ம வூட்டு நெனப்புல சமையல்கட்டுலேர்ந்து அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி, ‘அத்தை, சொன்ன சொல்லை ஆத்தோடு விட்டவளே எடுக்கட்டுமா, வேறொருத்தன் வாசலிலே போதுமா’ன்னு கேட்டுக்கிறா!”

“ஐயோ. அப்புறம்?”

“அப்புறம் இன்னா? மாப்பிள்ளை பேயறைஞ்சாப்பல ஒக்காந்துகினு கீறாரு. கயலு கதைய ஃபுல்லா சொல்லிட்டா. ஒருத்தரும் நம்பல. நீ ஜல்தி கெளம்பி வா.”

“நான் வந்து இன்னாக்கா சொல்றது?”

“சொல்ல வேணாம். பாடு.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏ சைடு ஒன்றிலிருந்து மெதுவாக முணுமுணுத்துப் பார்த்தேன். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து, டிரைவருக்குப் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.