எழுபத்தொன்பது என்றால் இல்லை

திரையில் மூன்றாவது முறையாக ‘எரர் 79’ என்று வந்ததும் மரியசெல்வி எழுந்து ரைட்டரின் மேஜைக்கு ஓடினாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, மெயில் ஓட மாட்டேங்குதுங்க."

கொட்டச்சேடு எஸ்டேட் ஆபீஸுக்கு சர்வர் வந்து ஒரு வருஷம்தான். நான்கு மேஜைக் கம்ப்யூட்டர்களும் அதை நம்பித்தான் ஓடின. காப்பி பறித்துக்கொண்டிருந்த மரியசெல்வி டைப்பிங் பாஸ் செய்திருந்ததால், அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது.

எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் பொன்னுவேல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மூணு மணிக்கு மேனேஜர் வாராரு. அப்பவும் ஓடலைன்னா பழையபடி டைப்ரைட்டர்தான். நீ மறுபடி கூடையைத் தூக்கோணும் கண்ணு."

சர்வரை அணைத்துப் போட்டாள். இப்போது மெயிலோடு மற்ற புரோகிராம்களும் அதே எரரில் நின்றன.

"ஏம்புள்ள, என்ற கம்ப்யூட்டரும் போச்சே!" என்று அடுத்த அறையிலிருந்து தனலட்சுமி கத்தினாள்.

மரியசெல்வி எரர் நம்பர்கள் போட்ட புத்தகத்தைப் புரட்டினாள். ஃபைல் இல்லையென்றால் 2 என்று இருந்தது. 79 எங்குமே இல்லை. எரருக்குப் பக்கத்தில் ‘ஸ்டாப்’ என்று ஒரு ஃபைல் பெயர் தெரிந்தது. அது காணாமல் போயிருக்கும் என்று நினைத்து, அந்தப் பெயரில் வெறும் ஃபைல் ஒன்றை உண்டாக்கினாள்.

சர்வர் இந்தத் தடவை எரரே காட்டவில்லை. ‘பீப்’ என்று ஒரு சத்தம். அடங்கிவிட்டது.

சேலத்துக்கு போன் போட்டாள். புரோகிராம் எழுதிய குழந்தைவேல் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நிறுத்தச் சொல்ற ஃபைலையே வச்சா நிக்காம என்னங்க பண்ணும்? புரோகிராம் எந்திரிச்சதும் அந்த ஃபைல் இருக்கான்னு டிஸ்க்கைக் கேக்கும். இல்லைன்னா டிஸ்க் ரெண்டுன்னு நம்பர் சொல்லோணும். உங்க டிஸ்க் வேற மாதிரி ஃபார்மேட் போல, எழுபத்தொம்பதுங்குது. தெரியாத நம்பர் வந்தா புரோகிராம் பயந்து நின்னுரும்."

"அப்ப ஒண்ணும் கெடலைங்களா?"

"ஒண்ணுமே கெடலைங்க. அது இல்லைன்னுதான் சொல்லியிருக்குது."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஃப்ளாப்பி போட்டு சர்வரை எழுப்பி, அந்த ஃபைலை அழித்தாள். 79 வந்தாலும் ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ள புரோகிராமில் ஒரு வரி சேர்க்க வேண்டும்; குழந்தைவேல் அதை போனிலேயே எழுத்தெழுத்தாகச் சொன்னான். வெளியே மழை; லைனில் இரைச்சல்.

"எஃப்-ஆ, எஸ்-ஆ?"

"எஃப்புங்க! ஃபாதர் எஃப்பு!"

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நான்கு கம்ப்யூட்டரும் உயிர்பெற்றன. "என்ற கம்ப்யூட்டரு வந்துருச்சு!" என்றாள் தனலட்சுமி. மரியசெல்வி மேஜையில் தலை சாய்த்துச் சிரித்தாள். கண்ணில் நீர் முட்டியது.

மேனேஜர் வந்தார். உள்ளே வராமல் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"ஓடுதா?"

"நல்லா ஓடுதுங்கய்யா."

பெரிய பெருமூச்சு விட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வேறெதுவும் கேட்காமல் தன் அறைக்குள் போய்விட்டார்.

பின்னால் பெட்டியோடு வந்த டிரைவர் மாதப்பன் குனிந்து கிசுகிசுத்தான்:

"நேத்து லீவுல வந்து, மருமகன் குடுத்த புது டிஸ்க்கை இதுல மாட்டுனதே மேனேஜரய்யாதானுங்க அம்மணி, நீங்க என்ன சொல்லுவீங்களோன்னு பயந்துக்கிட்டு காலைலருந்து மஞ்சக்குட்டை டீக்கடையை உட்டு நகரவே மாட்டேன்னுட்டாரு!"