மீதி டிரஸ்ஸரும் 1234567-உம்

காய்ச்சலோடு உள்ளே போய்க் குழப்பத்தோடு வெளியே வருகிற ஆஸ்பத்திரி, ஜொகூர் முழுக்கத் தேடினாலும் ஒன்றுதான் இருந்தது. ரெங்கத்துக்குப் பக்கத்தில், முப்பதுகளில் நான் கிராணியாக எழுத்து வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில். அங்கே மருந்து கலக்கி, கட்டுப் போட்டு, டாக்டர் வராத நாளெல்லாம் டாக்டராகவும் இருந்தவரை மீதி டிரஸ்ஸர் என்போம். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

அவருக்கு 1234567 என்ற எண்ணின் மேல் பித்து. 1-ஐத் தவிர வேறு எந்த எண்ணாலும் அதை மீதியில்லாமல் வகுக்க முடியாது என்பது அவர் கட்சி. நிரூபிப்பதற்காக 2, 3, 5, 7 என்று பகா எண்களை வரிசையாக எடுத்து, தினமும் ஒன்றால் வகுத்துப் பார்த்தார்.

பால்வெட்டும் முனியம்மா ஒருநாள் மருந்துக்குப் போனாள்.

"காய்ச்சல் எத்தனை நாளா?"

"ஏழு நாளாங்க."

"ஏழா? மீதி அஞ்சு" என்றார் டிரஸ்ஸர், மருந்தைக் கலக்கிக்கொண்டே.

முனியம்மா வீட்டுக்குப் போய் அந்த மீதி ஐந்து நாளையும் படுத்தே கழிக்க ஆரம்பித்தாள். கங்காணி என் மேசை முன் வந்து நின்றார்.

"கிராணியாரே, காய்ச்சல் விட்டுருச்சுங்கறா. ஆனா டிரஸ்ஸர் இன்னும் அஞ்சு நாள் பாக்கி வச்சிருக்காராம். என்னா கணக்குலா இது?"

விசாரிக்கப் போனேன். டிரஸ்ஸர் என்னை உட்கார வைத்து விளக்கினார்.

"ஆயிரத்து நூத்திப் பதினொண்ணு வரைக்கும் பாத்தா போதும், கிராணி. ரெண்டு எண்ணும் அதுக்கு மேல இருந்தா பெருக்கம் இதத் தாண்டிடும். ஜோடியில சின்னவன் அதுக்குள்ளதான் இருக்கணும்."

தலையாட்டிவிட்டு வந்து கங்காணியிடம் சொன்னேன்: "ஏதோ ஜோடிப் பொருத்தம் பாக்குறாரு."

கடைசி எண்ணையும் முடித்த அன்று ஆஸ்பத்திரிக்கே பாயசம். சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதி, என் கையெழுத்து அழகு என்று படியெடுக்கக் கொடுத்தார், கணக்குத் தாள்களோடு.

புரட்டும்போது ஒரு தாள் உறுத்தியது. 127-ஆல் வகுக்கத் தொடங்கி, ஈவில் ஒன்பது போட்டு, கீழே 91 என்று கழித்து, அப்படியே விட்டிருந்தார். மேலே மை கொட்டியிருந்தது. விட்ட இடத்திலிருந்து நான் போட்டேன். கடைசிப் படியில் 127-க்குக் கீழே 127. மீதி ஒன்றுமில்லை. நம்பாமல் பெருக்கிப் பார்த்தேன். 127-ஐ 9721-ஆல் பெருக்கினால் சாட்சாத் 1234567.

தாளில் இருந்த தேதி, என் மகள் பிறந்த தேதி. அன்று பகலில் மருத்துவச்சி கைவிரித்துவிட, பேனாவும் கையுமாக ஓடி வந்தவர் அவர். பிறந்தும் அழாத குழந்தையைத் தேய்த்து, வாயில் ஊதி, அழ வைத்தார். அவர் விரல் மை குழந்தையின் முதுகில் ஒட்டியதை மச்சம் என்று என் மனைவி இரண்டு நாள் நம்பினாள்.

பேசாமல் கடிதத்தை அனுப்பிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்கத் தவித்தேன். முடியவில்லை. தாளைக் கடிதத்தோடு கொண்டுபோய் நீட்டினேன்.

"நூத்தி இருபத்தேழால போகுதுங்க, டிரஸ்ஸர்."

கணக்கின் மேல் ஓடிய விரல் தேதியில் வந்து நின்றது. பிறகு கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"பாப்பா இப்ப குப்புற விழுறாளா?"

"போன வாரந்தாங்க."

"அப்ப சரி."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவரை டிரஸ்ஸர் என்று சொன்னதில்லை. அண்ணன் என்றுதான் சொன்னோம்.