மைதானத்துக்குள் போன நானூற்றுப் பன்னிரண்டு பேர்

அன்புள்ள ஜெபா அக்காவுக்கு,

தம்பி எபினேசர் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் உன் மகள் ஷைனியும் சுகம். அவள் என்னோடு பேசிப் பதினோரு நாள் ஆகிறது என்பதைத் தவிர வேறு குறை இல்லை. குவைத்தில் உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ராஜமாணிக்கம் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

ஷைனி கைப்பந்து ஆடும் பேரூராட்சி மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். அடுத்த மாதம் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள், அவள் பேரும் போயிருக்கிறது. இந்த நேரம் பார்த்துப் பூட்ட வைத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

மைதானத்துக்கு விளக்கும் பெண்களுக்கு ஒரு கழிப்பறையும் கட்ட ஒதுக்கிய பணத்தை இந்த வருஷ பட்ஜெட்டில் எடுத்து, பஸ் ஸ்டாண்டு எதிரில் கலர் லைட் போட்ட நீரூற்றுக்கு மாற்றிவிட்டார்கள். தலைவர் கனகாம்பாள்தான், ஆனால் கூட்டத்தில் பேசுவது அவர் புருஷன் துளசிராமன். அந்த அம்மா கையெழுத்துப் போடுவதோடு சரி. நம் தெருக் குழாயிலேயே மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர், நீரூற்றுக்கு எங்கிருந்து வரும் என்று எழுந்து கேட்டேன். "லாரி வுட்டுக்குவோம் நைனா, நீ இன்னாத்துக்குப் பேஜாராவுற?" என்றார். செயல் அலுவலர் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்து, அந்த மைதானத்துக்கு யாருமே வருவதில்லை என்று ஃபைலில் இருக்கிறது, வருகிறார்கள் என்றால் ஆதாரம் கொடு தம்பி, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார். அன்று சாயங்காலமே லாங் சைஸ் நோட்டு வாங்கி, பெயர், செல் நம்பர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து என்று கோடு போட்டு, பேனாவை நூலில் கட்டி, மைதானத்து கேட்டில் மாட்டினேன்.

அக்கா, எங்களைப் போல கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை செய்யும் ஆட்களிடம் நோட்டை நீட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானும் அதே ஜாதிதானே. கையெழுத்து இல்லை என்றால் அன்றைய கூலி இல்லை என்று பழகிய கை சும்மா இருக்குமா? மூன்றாவது நாள் போய்ப் பார்த்தால், என்னோடு லைனில் வேலை செய்யும் மாரியப்பன் குந்திக்கினு ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறான்.

"இன்னாடா பண்ற?"

"நம்ம ரூம் பசங்க பதினோரு பேரும் நைட் ஷிஃப்ட்ல கீறானுங்க மச்சி. பாவம், ஆப்சென்ட் உழுந்துடப் போவுது."

"டேய், இது கம்பெனி இல்லடா, கிரவுண்டு!"

"எதுவா இருந்தா இன்னா? நாளைக்கு எவனாச்சும் நோட்டைப் பாத்துட்டுக் கூலியப் புடிச்சிக்கினா?"

அப்போதே நோட்டைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை. எண்ணிக்கை ஏறுகிறதே, ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். நாம் சொல்கிற பொய் நல்ல காரியத்துக்கு என்று நினைத்தேன், நீரூற்றுக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். வெளியே போன நேரத்தை மட்டும் ஒருத்தனும் எழுதவில்லை. கம்பெனியில் அந்தக் கட்டத்தை சூப்பர்வைசர்தான் நிரப்புவார், ஓ.டி.யை வெட்ட அவருக்கு அது வேண்டும். நாங்கள் தொடக்கூடாது.

கூட்டத்தில் துளசிராமன் நோட்டை விரித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "பதினெட்டாந்தேதி நானூத்திப் பன்னெண்டு பேரு உள்ள போயிருக்கான். ஒருத்தனும் வெளிய வரலையே. உள்ளயேவா கீறானுங்க? சோறு எவன் போடறான்?" சபையே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். அடுத்து அவர் கேட்டதற்குத்தான் என்னால் சிரிக்க முடியவில்லை. "பொண்ணுங்க ஆடறாங்க, கக்கூஸ் வோணும்னு கத்தினியே. இதுல ஒரு பொண்ணு பேரு கூடக் காணோமே?"

உண்மைதான். ஒரு பேர் இல்லை. கேட்டில் தொங்கும் நோட்டில், வருகிறவன் போகிறவன் எல்லாம் படிக்கும் இடத்தில், எந்தப் பெண் தன் செல் நம்பரை எழுதுவாள்? அந்தக் கட்டத்துக்குக் கோடு போட்ட எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை பேர் கூடும் இடத்தில் பாதுகாப்பு இல்லை, காம்பவுண்டும் கேமராவும் வைக்கும்வரை மூடவும் என்று தீர்மானம் போட்டார்கள். கேமராவுக்கு அடுத்த வருஷம்தான் பணமாம். நீரூற்று அதே நிமிஷத்தில் பாஸ்.

ஷைனியிடம் சொன்னேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நீ நம்பி விட்டுவிட்டுப் போன பிள்ளையின் வாய்ப்பை ஒரு நோட்டில் முடித்துவிட்டேன், அக்கா. என்னை மன்னிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் விடமாட்டேன். மைதானத்தை உடனே எல்லோருக்கும் திறக்க வேண்டும், பூட்டிய பிறகும் காலையில் உள்ளே ஆள் சத்தம் கேட்பதாகச் சொல்கிறார்கள், சாவி யார் கையில் இருக்கிறது என்று விசாரித்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கலெக்டருக்கு நான்கு பக்கம் எழுதி, இன்று மத்தியானம் பொன்னேரியில் ஸ்பீடு போஸ்ட் செய்துவிட்டேன்.

அத்தானுக்கு என் அன்பு. கர்த்தர் உன்னையும் உன் முதுகையும் காப்பாராக. எங்கள் பேரூராட்சியை அவர் பார்க்காமல் இருப்பதே நல்லது.

இப்படிக்கு,
உன் தம்பி
எபினேசர்

பி.கு.: கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். ஷைனி படித்துவிட்டாள். பதினோரு நாள் கழித்து என்னோடு பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பூட்டு போட்டதுலருந்துதான் மாமா நாங்க நிம்மதியா ஆடறோம். குப்பை எடுக்குற செண்பகம் அக்காண்டதான் சாவி கீது. காலைல எங்கள உள்ள வுட்டு, வெளியால பூட்டிக்கினு வேலைக்குப் போவும். தெரிஞ்சா அக்கா வேலை பூடும்னுதான் உன்னாண்ட வாயத் தொறக்கல. முன்னாடி கிரிக்கெட் ஆடறவனுங்க எங்கள நவுரு நவுருன்னு தொரத்துவானுங்க. அதுல நீயும் ஒருத்தன்." செண்பகம் அக்காவும் காண்ட்ராக்ட்தான். மனுவைத் திரும்ப வாங்க, காலையில் தபால் ஆபீஸ் திறக்கும்முன் போய் வாசலில் நிற்கப்போகிறேன். தபால் கட்டு அதற்குள் கிளம்பிப் போய்விட்டது என்றால் கலெக்டர் ஆபீசுக்கே போய், அந்த மனுவை எழுதியவன் புத்தி சரியில்லாதவன் என்று சொல்லி என் கையெழுத்தில் இன்னொரு மனு கொடுப்பேன்.